லீன் மிக்ஸ்ச்சர் எரர் திரும்பத் திரும்ப வருகிறதா? பாகம் மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

செக் இன்ஜின் லைட் எரிகிறது. ஸ்கேன் போட்டால் பி0171, அதாவது ‘லீன்’ (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று வருகிறது. மெக்கானிக் எரரை அழித்துக் கொடுக்கிறார். கொஞ்ச நாள் வண்டி ஒழுங்காக ஓடுகிறது, பிறகு அதே லைட். இந்தச் சுழலில் மாட்டியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என்னுடையது செகண்ட் ஹேண்டில் வாங்கிய, வயதான 1.8 லிட்டர் பெட்ரோல் செடான். ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சார், பிளக், பெட்ரோல் பம்ப் என்று வரிசையாக மாற்றினார்கள். எதிலும் தீரவில்லை. கடைசியில் காரணமாக வந்து நின்றது இன்டேக் மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்) பேக்கிங். விலை சில நூறு ரூபாய். உங்கள் வண்டியிலும் அதே பேக்கிங்தான் போயிருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த வரிசையில் தேட வேண்டும் என்பது பெரும்பாலான வண்டிகளுக்கு ஒன்றுதான். கீழே உள்ளவை டர்போ இல்லாத, சாதாரண இன்ஜெக்ஷன் பெட்ரோல் கார்களுக்கு. டீசல், பழைய கார்பரேட்டர் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். பி0171 எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. சைலன்சர் பக்கம் உள்ள ஆக்சிஜன் சென்சார், எரிந்த புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கிறது. அது அதிகமாக இருந்தால் இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூட்டுகிறது. கூட்டிக் கூட்டி ஒரு எல்லையைத் தாண்டினால் லைட் எரிகிறது. சாம்பாரில் உப்புக் குறைவு என்று நாக்கு சொல்லிவிடும். உப்பைக் குறைத்துப் போட்டார்களா, தண்ணீரை அதிகம் ஊற்றினார்களா என்பது நாக்குக்குத் தெரியாது. அதனால் ‘லீன் எரர் வந்தால் ஆக்சிஜன் சென்சாரை மாத்து’ என்று யாராவது சொன்னால் பர்ஸைத் திறக்காதீர்கள்.

1. எரரை அழிக்க விடாதீர்கள்

லைட் எரிந்த கணத்தில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்பதை இசியூ ஒரு படம் போலச் சேமித்து வைக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று பெயர். ஆர்பிஎம், வேகம், கூலன்ட் வெப்பம், இன்ஜின் லோடு, ஃப்யூல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் இசியூ செய்யும் திருத்தம்) எல்லாம் அதில் இருக்கும். எரரை அழித்தால் இதுவும் சேர்ந்து போய்விடும். பேட்டரி டெர்மினலைக் கழற்றினாலும் பெரும்பாலான வண்டிகளில் இதே கதிதான்.

ஸ்கேன் போடுபவரிடம் முதலில் கேட்க வேண்டியது: “அண்ணா, ஃப்ரீஸ் ஃப்ரேமைக் காட்டுங்க, ஒரு போட்டோ எடுத்துக்கறேன்.” இதில் முக்கியமாகப் பார்க்க வேண்டிய இரண்டு எண்கள் ஆர்பிஎம்மும் கூலன்ட் வெப்பமும். 750 ஆர்பிஎம், 40 டிகிரி என்றிருந்தால் வண்டி குளிர்ந்த நிலையில் ஐடிலிங்கில் நின்றபோது பிரச்சினை வந்திருக்கிறது. 3000 ஆர்பிஎம், 90 டிகிரி, லோடு அதிகம் என்றிருந்தால் நெடுஞ்சாலையில் இழுக்கும்போது வந்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய்கள். என் வண்டியின் பழைய ஸ்கேன்களில் யாரும் இதைக் குறித்து வைக்கவில்லை; வைத்திருந்தால் பெட்ரோல் பம்ப் தப்பியிருக்கும்.

இன்னொன்று: பி0171 பொதுவாக ஒரே ஓட்டத்தில் லைட்டை எரியவிடாது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் கோளாறு தெரிந்தால்தான் லைட் எரியும். அழித்த பிறகு சில நாள் லைட் வராமல் இருப்பதற்குக் காரணம் இதுவும், இசியூ தன் கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதும்தான். வண்டி சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

2. ஓட்டலாமா, நிறுத்தலாமா?

லைட் நிலையாக எரிந்தால், வண்டி இழுத்தால், மிஸ்ஸிங் இல்லாவிட்டால், மெதுவாக ஓட்டிக்கொண்டு போகலாம். லைட் விட்டு விட்டு மின்னினால் ஓரம் கட்டுங்கள். அது மிஸ்ஃபயரின், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் மிஸ்ஸிங் ஆவதன் அடையாளம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதையே உருக்கிவிடும். கன்வெர்ட்டர் விலைக்கு முன்னால் இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லாச் செலவும் தூசு. முழு லோடில் லீனாக ஓடும் வண்டியில் நாக்கிங் சத்தமும் வரும். அந்த நிலையில் மலைப்பாதை ஏறாதீர்கள்.

3. சொந்தமாக ஒரு ஸ்கேனர்

ஓபிடி போர்ட்டில் (வண்டியில் ஸ்கேனர் மாட்டும் சாக்கெட்) செருகும் சின்ன புளூடூத் ஸ்கேனர் 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கும். போனில் ஓர் ஆப் போட்டுக்கொண்டால் போதும். வெளியே ஒரு தடவை ஸ்கேன் போட வாங்கும் பணம் கிட்டத்தட்ட இதற்குச் சமம். மிக மலிவானவை சில வண்டிகளோடு பேச மறுக்கும், அதனால் திருப்பிக் கொடுக்க வசதியுள்ள கடையில் வாங்குங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் அதற்கு ஒத்துவருமா என்று கேட்டு வாங்க வேண்டும்.

2010-க்கு முந்திய இந்திய வண்டிகளில் ஓபிடி போர்ட் இருந்தாலும் பொதுவான ஆப்பில் எல்லா எண்ணும் வராமல் போகலாம். அப்போது அந்தக் கம்பெனியின் சாஃப்ட்வேர் வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்தான் வழி.

போர்ட்டிலேயே ஸ்கேனரை விட்டுவிடாதீர்கள். வாரக்கணக்கில் நிற்கும் வண்டியில் அது பேட்டரியை உறிஞ்சும்.

4. ஃப்யூல் ட்ரிம் படிப்பது

மொத்த வேலையில் பாதி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆப்பில் இரண்டு எண்கள் தெரியும். ஷார்ட் டெர்ம் ட்ரிம் என்பது இந்த நொடியில் இசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்பது. லாங் டெர்ம் ட்ரிம் என்பது அது பழகிப்போய் நிரந்தரமாக வைத்திருக்கும் திருத்தம். இரண்டையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை மைனஸ் 10-க்கும் பிளஸ் 10-க்கும் நடுவில் இருந்தால் வண்டி ஆரோக்கியம். பிளஸ் 20, 25 சதவீதத்தைத் தொடும்போது பெரும்பாலான இசியூக்கள் பி0171 போடும். சரியான எல்லை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ஒரே ஒரு தடவை, ஒரே நிலையில் பார்த்தால் பயனில்லை. நான்கு நிலைகளில் எழுதி வையுங்கள்:

— காலையில் முதல் ஸ்டார்ட், ஓரிரு நிமிடம் கழித்து, ஐடிலிங்கில்.
— இன்ஜின் முழுச் சூடு ஏறிய பிறகு, ஏசி இல்லாமல், ஐடிலிங்கில்.
— அதே சூட்டில், நின்ற இடத்தில் 2500 ஆர்பிஎம்மில் அரை நிமிடம்.
— சாலையில், மூன்றாவது கியரில், நன்றாக மிதித்து இழுக்கும்போது. போனைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். ஓட்டுபவர் பார்க்க வேண்டாம்.

ஆப்பில் ‘குளோஸ்டு லூப்’ (சென்சார் சொல்வதைக் கேட்டு இசியூ பெட்ரோலைத் திருத்தும் நிலை) என்று காட்டும்போது வரும் எண்கள் மட்டுமே செல்லும். ஸ்டார்ட் செய்தவுடன் சென்சார் சூடாகும் வரையும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போதும் இசியூ சென்சார் பேச்சைக் கேட்காது. முழு மிதியில் ட்ரிம்முக்குப் பதிலாக ஆக்சிஜன் சென்சார் வோல்ட்டைப் பாருங்கள். சாதாரண நாரோபேண்ட் சென்சாராக இருந்தால் அது 0.8-க்கு மேல் போக வேண்டும். வைட்பேண்ட் சென்சார் உள்ள வண்டிக்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.

இப்போது எண்கள் என்ன சொல்கின்றன?

ஐடிலிங்கில் பிளஸ் 25, 2500 ஆர்பிஎம்மில் பிளஸ் 6 என்று இறங்கினால், எங்கோ ஏர் பிடிக்கிறது. ஓட்டை ஒரே அளவுதான். ஐடிலிங்கில் இன்ஜின் குடிக்கும் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறும்போது கரைந்துவிடும்.

ஐடிலிங்கில் நன்றாக இருந்து, இழுக்கும்போது பிளஸ் 15, 20 என்று ஏறினால், பெட்ரோல் போதவில்லை அல்லது காற்றை அளக்கும் சென்சார் குறைத்துச் சொல்கிறது.

எல்லா நிலையிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடுதலாக இருந்தால் இன்ஜெக்டர் அடைப்பு, பெட்ரோல் பிரஷர் குறைவு, அழுக்கு ஏறிய ஏர் ஃப்ளோ சென்சார், சில வேளைகளில் பெட்ரோலே காரணம்.

காலையில் மட்டும் ஏறி, சூடானதும் இறங்கினால் ரப்பர் அல்லது பேக்கிங் மேல் சந்தேகப்படுங்கள். என் வண்டி இந்த ரகம். மதியம் இரண்டு மணிக்குக் கோவை வெயிலில் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நின்றால் எண்கள் பளிச்சென்று இருக்கும். குன்னூரில் இரவு நிறுத்திவிட்டு விடியற்காலையில் கிளப்பினால் ட்ரிம் எகிறும்.

5. உங்கள் இன்ஜின் காற்றை எப்படி அளக்கிறது?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே உள்ள கணக்கை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சில வண்டிகளில் ஏர் ஃபில்டர் பெட்டிக்கு அடுத்து மாஸ் ஏர் ஃப்ளோ (மாஃப்) சென்சார் இருக்கும். உள்ளே போகும் காற்றை நேரடியாக அளக்கும். பல சின்ன கார்களில் அது கிடையாது. மேனிஃபோல்டில் உள்ள மேப் சென்சார் அழுத்தத்தை அளந்து, அதிலிருந்து காற்றை இசியூ கணக்கிடும்.

முதல் ரகத்தில், சென்சாருக்குப் பின்னால் நுழையும் காற்று அளவில் வராது, அதனால் லீன். இரண்டாவது ரகத்தில் வெளிக்காற்று நுழைந்தாலும் அழுத்தம் ஏறும், இசியூ அதைப் பார்த்துப் பெட்ரோலையும் கூட்டிவிடும். ஐடிலிங் ஏறும், ட்ரிம் அவ்வளவாக ஏறாது. ஆகவே மேப் வண்டியில் லீன் எரர் வந்தால் ஏர் லீக்கை மட்டுமே நாள்கணக்கில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். பெட்ரோல் பக்கமும் சைலன்சர் பக்கமும் சீக்கிரம் போய்விடுங்கள். உங்கள் வண்டி எந்த ரகம் என்று ஆப்பே சொல்லிவிடும்: ‘மாஃப்’ கிராம்/விநாடி எண் உயிரோடு வந்தால் முதல் ரகம்.

6. காசில்லாத சோதனைகள்

ஸ்பேனர் எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள். ஏர் ஃபில்டர் பெட்டிக்கும் த்ராட்டில் பாடிக்கும் நடுவில் உள்ள மடிப்பு மடிப்பான ரப்பர் குழாயை விரித்துப் பாருங்கள். வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்திருக்கும், இன்ஜின் அசையும்போது மட்டும் திறக்கும். அதன் கிளாம்ப் இறுக்கமா? சர்வீஸுக்குப் போய் வந்த மறுநாளே எரர் வந்தால் முதல் சந்தேகம் இந்தக் கிளாம்ப்தான். பிசிவி ஹோஸையும் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் குழாய்) அது செருகும் ரப்பர் வாஷரையும் தொட்டுப் பாருங்கள். வயதானால் மரக்கட்டை போல இறுகி விளிம்பில் விரிசல் விடும். ஆயில் மூடி, ஆயில் டிப்ஸ்டிக் ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றனவா? எலி தொல்லை உள்ள இடத்தில் வண்டி நிற்கிறதென்றால் சின்ன வேக்குவம் டியூப்கள் ஒவ்வொன்றையும் முழு நீளத்துக்குத் தடவிப் பார்க்க வேண்டும். கடித்த டியூபின் அடிப்பக்கம் மேலிருந்து தெரியாது.

அடுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஷார்ட் டெர்ம் ட்ரிம்மைப் பார்த்தபடி ஒவ்வொரு ரப்பர் ஹோஸாக நசுக்குங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் கை, சட்டை, துண்டு போகக் கூடாது. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸை நசுக்கியதும் ட்ரிம் சட்டென்று இறங்கினால் பூஸ்டரில் ஓட்டை. சோதனை முடிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். அதை அடைத்துக்கொண்டு ஓட்டினால் பிரேக் மிதி கல்லாகிவிடும். பர்ஜ் வால்வுக்கு (பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு) போகும் ஹோஸை நசுக்கியதும் இறங்கினால் வால்வு மூடாமல் நிற்கிறது. இந்த வால்வு ஆடிக்கொண்டே இருக்கும் ஆசாமி. டேங்கில் ஆவி அதிகமாக இருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்), இல்லாவிட்டால் லீன் என்று மாறி மாறிக் காட்டிக் குழப்பும்.

மாஃப் சென்சார் உள்ள வண்டியில் ஒரு கணக்கு: சூடான ஐடிலிங்கில், ஒரு லிட்டர் இன்ஜினுக்கு விநாடிக்கு ஏறத்தாழ ஒரு கிராம் அல்லது சற்று மேல். 1.8 லிட்டருக்கு 2 கிராம் வாக்கில் வரலாம். வெகுவாகக் குறைவாக இருந்தால் சென்சாரைக் கழற்றி, அதற்கென்றே உள்ள மாஃப் கிளீனர் அடித்து, காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஸ்பிரே 400 முதல் 700 ரூபாய். கார்ப் கிளீனர் அடிக்கக் கூடாது. உள்ளே உள்ள நுண்ணிய கம்பியைத் துணியாலோ பட்ஸாலோ தொடவே கூடாது. எண்ணெய் தடவிய ‘பெர்ஃபார்மன்ஸ்’ ஏர் ஃபில்டர் போட்டிருந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கம்பெனி ஃபில்டரைப் போடுங்கள். அந்த எண்ணெய்தான் கம்பியில் படிகிறது.

7. ஏர் லீக்: ஸ்மோக் டெஸ்ட் எடுங்கள், பெட்ரோலை அடிக்காதீர்கள்

நம்மூரில் வழக்கமான முறை, ஓடும் இன்ஜின் மேல் கார்ப் கிளீனரையோ பெட்ரோலையோ பீய்ச்சி, ஆர்பிஎம் ஏறுகிறதா என்று பார்ப்பது. சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு ஜாண் தள்ளி இதைச் செய்கிறார்கள். தீப்பிடித்தால் அவர் ஒர்க்‌ஷாப்பும் உங்கள் வண்டியும் சேர்ந்து போகும். பிரேக் கிளீனரில் குளோரின் கலந்த வகைகள் உண்டு. அவை சூட்டில் நச்சு வாயுவாக மாறும். வேண்டவே வேண்டாம்.

ஸ்மோக் டெஸ்ட்டில் இன்ஜினை நிறுத்தி, காற்று நுழையும் வாயை அடைத்து, மிகக் குறைந்த அழுத்தத்தில் புகையை உள்ளே விடுவார்கள். எங்கே ஓட்டையோ அங்கே புகை கசியும். கட்டணம் 1,000 முதல் 2,500 வரை கேட்கிறார்கள். எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் மெஷின் இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. நீங்கள் பத்து கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போய் நிறுத்துவீர்கள், உடனே புகை விடுவார்கள், ‘லீக் எதுவும் இல்ல சார்’ என்பார்கள். சூட்டில் ரப்பரும் பேக்கிங்கும் விரிந்து இடைவெளியை மூடியிருக்கும். உங்கள் நோட்டில் காலை எண் மட்டும் மோசமாக இருந்தால் வண்டியை இரவே விட்டுவிட்டு வாருங்கள். நான் சொன்னது இதுதான்: “ராத்திரி வண்டி இங்கயே நிக்கட்டுங்ணா. காலைல ஸ்டார்ட் பண்ணாம அப்படியே ஸ்மோக் போட்டுப் பாருங்க.” அவர் கொஞ்சம் முறைத்தார், ஆனால் செய்தார். மூன்றாவது சிலிண்டருக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்தில் புகை வந்தது.

பேக்கிங் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை: பிளாஸ்டிக் மேனிஃபோல்டாக இருந்தால் முகம் வளைந்திருக்கிறதா என்று நேர்விளிம்பு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்திருந்தால் புதுப் பேக்கிங் சில மாதம்தான் தாங்கும், எரர் திரும்ப வரும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சர்வீஸ் மேனுவலில் உள்ள டார்க்கில் (இறுக்கும் விசை அளவு) இறுக்க வேண்டும். பழைய பேக்கிங்கின் மேலேயே சிலிக்கான் பேஸ்ட் பூசி மூடுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். சில சிலிக்கான்களின் ஆவி ஆக்சிஜன் சென்சாரைக் கெடுத்துவிடும்.

பேக்கிங் விலை 300 முதல் 1,200, கூலி 1,500 முதல் 3,500 என்று எனக்கு எஸ்டிமேட்டுகள் வந்தன. கிளாம்ப், பிசிவி வால்வு, அதன் ரப்பரையும் அதே நாளில் மாற்றிவிடுவது நல்லது, கூலி இரட்டிக்காது.

8. பெட்ரோல் பக்கம்

இழுக்கும்போது மட்டும் லீன் என்றால் பிரஷர் கேஜ் மாட்டாமல் பம்ப் வாங்காதீர்கள். சாதாரண போர்ட் இன்ஜெக்ஷனில் பிரஷர் பெரும்பாலும் 3 முதல் 4 பார். உங்கள் வண்டிக்கான எண் மேனுவலில் இருக்கும். நின்ற இடத்தில் சரியாகக் காட்டி, சாலையில் மிதிக்கும்போது சரியும் பம்ப்கள் உண்டு. அதனால் ஓட்டிப் பார்த்து அளக்கச் சொல்லுங்கள். பிரஷர் குறைந்தால் பம்ப்புக்கு வரும் வோல்ட்டையும் எர்த்தையும் பார்க்க வேண்டும். கறுத்துப்போன கனெக்டரால் பம்ப் மெதுவாகச் சுற்றும். புதுப் பம்ப் போட்டாலும் அப்படித்தான் சுற்றும். டேங்குக்குள் ஃபில்டர் தனியாகக் கிடைக்கும் வண்டியில் ஃபில்டரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். முழு அசெம்பிளி 4,000-இல் தொடங்கி 12,000-ஐத் தாண்டும். பிரஷர் சரி, ஆனாலும் ட்ரிம் மோசம் என்றால் இன்ஜெக்டர்களைக் கழற்றி அல்ட்ராசானிக் கிளீனிங், ஃப்ளோ டெஸ்ட். நான்குக்கும் சேர்த்து 1,500 முதல் 3,000. முன், பின் அளவு காட்டும் ரிப்போர்ட் தராத இடத்தில் செய்யாதீர்கள்.

எத்தனால் பற்றி இரண்டு வரி சொல்லியாக வேண்டும். சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. எத்தனாலுக்கு 9 போதும். எனவே 10 சதவீதக் கலவைக்கு ஏறத்தாழ 14.1, 20 சதவீதக் கலவைக்கு 13.5. ஈ20 (20 சதவீதக் கலவை) ஊற்றினால் அதே காற்றுக்கு 10 சதவீதக் கலவையை விட ஏறக்குறைய 4 சதவீதம் கூடுதல் பெட்ரோல் தேவை, சுத்தப் பெட்ரோலோடு ஒப்பிட்டால் இன்னும் அதிகம். பழைய வண்டியில் லாங் டெர்ம் ட்ரிம் பிளஸ் 6, 7 என்று நிற்பது ஈ20 காலத்தில் நோய் கிடையாது. ஈ20 மட்டுமே பி0171 வரவைக்கும் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஏற்கெனவே பிளஸ் 15-இல் தொற்றிக்கொண்டிருந்த வண்டியை அது எல்லைக்கு மேல் தள்ளிவிடும். ‘எல்லாம் எத்தனால் சார்’ என்று கைவிரிக்கும் மெக்கானிக்கிடம் உங்கள் எண்களைக் காட்டுங்கள்.

பங்க்கை மாற்றிய அன்றிலிருந்து பிரச்சினை என்றால், அங்கே ஃபில்டர் பேப்பர் சோதனையும் டென்சிட்டியும் கேட்டுப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. பில்லை வாங்கி வையுங்கள். மழைக்காலத்தில் டேங்கில் தண்ணீர் இறங்கினால் எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். அந்த வண்டி லீனை விடப் பெரிய கலாட்டா செய்யும்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்டவர்கள் எல்லாச் சோதனையையும் பெட்ரோலில் ஓட்டி எடுங்கள். கேஸில் ஓடும்போது கெட்ட ட்ரிம்மை இசியூ பழகிக்கொண்டு பெட்ரோலிலும் அதையே போடும். கிட்டுக்காக மேனிஃபோல்டில் துளை போட்டு மாட்டிய நாசில்களின் அடியிலும் ஏர் பிடிக்கும்.

9. பொய் லீன்: புகைச் சான்றிதழ் சீட்டைப் பயன்படுத்துங்கள்

இன்ஜின் லீனாகவே இல்லாமல், சென்சார் மட்டும் லீன் என்று சொல்லும் வேளைகள் உண்டு. ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் விரிசல் இருந்தால், புகை வெளியேறும் துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் ஆனால் எரியாத ஆக்சிஜன் அப்படியே சென்சாருக்குப் போகும். சென்சாரே கெட்டிருக்கலாம். மூன்றிலும் இசியூ ஏமாந்து பெட்ரோலைக் கொட்டும்.

இதைப் பிரித்தறிய மலிவான வழி புகைப் பரிசோதனை மையம். சான்றிதழுக்கு எப்படியும் போகத்தான் வேண்டும். சீட்டில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் அளவுகள் இருக்கும், பிஎஸ்4 புகை விதியிலும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் வண்டிகளுக்கு, ஆர்பிஎம்மை ஏற்றி எடுக்கும் லாம்ப்டாவும் (காற்று-பெட்ரோல் விகிதம்; 1 என்றால் சரியான கலவை) இருக்க வேண்டும் (0.97-க்கும் 1.03-க்கும் நடுவில்). ட்ரிம் பிளஸ் 20 காட்டுகிறது, ஆனால் சீட்டில் கார்பன் மோனாக்சைடு உயர்ந்திருக்கிறது, பிளக்கும் கறுத்திருக்கிறது என்றால் இன்ஜின் உண்மையில் ரிச்சாக ஓடுகிறது. ஏர் லீக் தேடுவதை நிறுத்திவிட்டு எக்ஸாஸ்டையும் சென்சாரையும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு குறைவாக, லாம்ப்டா 1-ஐ ஒட்டி இருந்தால் இசியூ உண்மையான குறையைத்தான் ஈடுகட்டுகிறது. சென்சார் மேல் பழி போடாதீர்கள். மிஸ்ஸிங் இருந்தால் ஹைட்ரோகார்பன் ஏறும். சோதனையாளரிடம் குழாயை முழுதாக உள்ளே விட்டு எடுக்கச் சொல்லுங்கள். முனையில் சும்மா வைத்தால் எண்ணுக்கு மதிப்பில்லை.

குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பேக்கிங்கைச் சந்தேகியுங்கள். சென்சார் மாற்றியே ஆக வேண்டுமென்றால் 3,000 முதல் 10,000 வரை ஆகும். கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் உள்ளதைத்தான் மாற்ற வேண்டும். பின்னால் உள்ளதை மாற்றிவிட்டு பில் போட்ட கதைகள் உண்டு.

10. ஒர்க்‌ஷாப்பில் காகிதங்கள்

எடுத்துப் போக வேண்டியவை: ஃப்ரீஸ் ஃப்ரேம் போட்டோ, நான்கு நிலை ட்ரிம் எண்கள் எழுதிய ஒரு தாள், இதுவரை மாற்றிய பாகங்களின் பில்கள், புகைச் சான்றிதழ் சீட்டு. எக்ஸ்டெண்டட் வாரண்டி இருந்தால் அதன் புத்தகம். வாரண்டி இருந்தால் வெளி மெக்கானிக் கைவைப்பதற்கு முன்பே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பேக்கிங், ஹோஸ், ரப்பர் ஆகியவை பல வாரண்டிகளில் தேய்மானப் பொருள் என்று விலக்கப்பட்டிருக்கும், எலிக்கடியும் வராது. கையெழுத்துக்கு முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள்.

ஜாப் கார்டில் ‘செக் இன்ஜின் லைட்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘பி0171 திரும்ப வருகிறது, குளிர் ஐடிலிங்கில் ட்ரிம் பிளஸ் 25, சூட்டில் பிளஸ் 6, காரணம் கண்டறியவும், அனுமதி இல்லாமல் பாகம் மாற்றக் கூடாது’ என்று எழுதச் சொல்லுங்கள். கண்டறியும் கூலியைத் தனியாகக் கொடுக்கத் தயங்காதீர்கள். அதற்கு 1,000 கொடுக்க மனம் வராமல் ‘பார்த்துச் செய்ங்க’ என்று விட்டால், பாகத்தின் லாபத்தில்தான் அவர் கூலியை எடுப்பார். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் சென்சார், பம்ப் வாங்கினால் அதன் வாரண்டி வாய்வார்த்தைதான்.

பணம் வாங்கி பில் போட்டும் வேலையைச் செய்யவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு வரை அவகாசம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. அங்கேயும் ஜாப் கார்டும் பில்லும்தான் பேசும்.

நேரக் கணக்கு: ஸ்மோக் டெஸ்ட் ஒரு மணி நேரம், ஆனால் குளிர்ந்த இன்ஜின் வேண்டுமென்றால் ஓர் இரவு சேரும். மேனிஃபோல்டு பேக்கிங் அரை நாளிலிருந்து ஒரு நாள். பம்ப் இரண்டு மூன்று மணி நேரம்; டேங்கை இறக்க வேண்டிய வண்டியில் ஒரு நாள். பழைய மாடலுக்குக் கம்பெனி பேக்கிங் ஆர்டர் போட்டு வர ஒரு வாரமும் ஆகலாம், ஆகவே பாகம் கைக்கு வந்த பிறகு வண்டியை விடுங்கள்.

11. சரியாகிவிட்டதா?

வேலை முடிந்ததும் எரரை அழிக்கலாம்; இப்போதுதான் அழிக்க வேண்டும். லாங் டெர்ம் ட்ரிம் பூஜ்யமாகி, புதிதாகப் பழகத் தொடங்கும். முதல் நாள் ஐடிலிங் கொஞ்சம் தடுமாறலாம். நகரம், நெடுஞ்சாலை இரண்டும் கலந்து 150 கிலோமீட்டர் போல ஓட்டிவிட்டு, முன்பு எழுதிய அதே நான்கு நிலைகளில் மறுபடி எண் எடுங்கள். ஆப்பில் ‘பெண்டிங்’ எரர் பகுதியையும் பாருங்கள். லைட் எரிவதற்கு ஓர் ஓட்டம் முன்பே அங்கே பெயர் வந்துவிடும்.

எரர் இல்லை, ஆனால் ட்ரிம் இன்னும் பிளஸ் 14, 15-இல் நிற்கிறது என்றால் பாக்கித் தொகையைக் கொடுக்கும் முன் அந்த எண்ணைக் காட்டிப் பேசுங்கள். இரண்டு காரணங்கள் சேர்ந்திருந்து ஒன்றுதான் தீர்ந்திருக்கும். எனக்கு பேக்கிங் மாற்றிய பிறகு குளிர் ஐடிலிங் பிளஸ் 9 வந்தது. பிசிவி ரப்பரையும் மாற்றியதும் பிளஸ் 4. மழைக்காலம், மார்கழிக் குளிர், மலைப்பயணம் இவற்றில் ஒவ்வொரு தடவை எண் எடுத்து அதே தாளில் எழுதி, தாளை டேஷ்போர்டில் ஆர்சி நகலோடு வைத்துவிடுங்கள்.